அடிபட்ட பிறகு சில மணி நேரம்

ஓசூரில் முட்டி வலிக்குப் பஞ்சமில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள், கல் குவாரியில் குந்தி உட்கார்ந்து உளி பிடிப்பவர்கள், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கு பைக்கில் போய்வருபவர்கள். "ஜவ்வு கிழிஞ்சிருச்சு", இல்லையென்றால் "தேஞ்சுபோச்சு". யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்று.

*

தேய்ந்துபோவது மூட்டின் குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதில் மட்டும் அடிபட்டால் வலி தெரியாது, ஆறவும் ஆறாது. அழிந்தால் மீளாது என்று 1743இல் லண்டனில் வில்லியம் ஹண்டர் எழுதிவைத்தார். இத்தனை காலமாகியும் அதைப் பெரிதாகத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. முட்டியில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர். அதிலும் செல்கள் பிடித்திருக்கும் இடம் நூற்றில் சில பங்குதான். அவைதான் மொத்தத்தையும் பராமரிக்கின்றன.

*

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இட்டாய் கோயன், லாரன்ஸ் பொனாசர் குழுவினர் குருத்தெலும்புத் துண்டின் மீது மில்லிவினாடிகளில் முடிந்துவிடும் ஓர் அடியைக் கொடுத்து, செல்களை நுண்ணோக்கியில் கவனித்தார்கள். அதிகம் நசுங்கிய மேற்பரப்பை ஒட்டியவை முதலில் பழுதாயின. ஆனால் எல்லாம் அடி விழுந்த கணத்தில் சாகவில்லை. முதலில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது, சாவு பிறகு வருகிறது. அங்கேயே கால்நடை மருத்துவர் மிஷெல் டெல்கோ, குதிரைக் குருத்தெலும்பில் மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் எஸ்எஸ்-31 என்ற பெப்டைடைக் கொடுத்துப் பார்த்தார். அடிபட்ட பிறகு கொடுத்தும் செல்களின் சாவு குறைந்தது. இதை நான் பல தடவை படித்தேன். அடிக்கும் அழிவுக்கும் நடுவில் அவகாசம் இருக்கிறது.

*

அந்த அவகாசத்தைப் பார்க்கத்தான் கணினி வேண்டியிருக்கிறது. ஒரு படத்தில் நூற்றுக்கணக்கான செல்கள். சாயம் ஏற்றினால் உயிருள்ளது பச்சை, செத்தது சிவப்பு. அடுத்தடுத்த படங்களில் ஒவ்வொன்றையும் விடாமல் தொடர மனிதக் கண்ணால் ஆகாது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உருவான யூ-நெட், பிறகு வந்த செல்போஸ் போன்ற நிரல்கள் செல்லின் ஓரத்தைத் தாமே வரைகின்றன. இன்னொரு வகை நிரல், முன்கூட்டிப் பெயர் எதுவும் சொல்லித் தராமலே, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் செல்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும். ஏன் அப்படி நடந்துகொண்டன என்று அது சொல்லாது. திசுவைத் தெரிந்தவர்தான் கேட்டாக வேண்டும்.

(இங்கே ஆலைகளில் பாகத்தில் விழுந்த கீறலைக் கேமரா கண்டுபிடிக்கிறது. வித்தையின் அடிப்படை ஒன்றுதான். அந்தக் கேமராவின் பக்கத்தில் நிற்பவரின் முட்டியை, அவர் நொண்டும் வரை யாரும் பார்ப்பதில்லை.)

*

மருந்துக்கான தேடல் பக்கத்திலும் நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரச்சித் அகர்வால் குழு, ராபமைசின் என்ற மருந்தை நுண்துகள்களில் அடைத்து எலியின் மூட்டுக்குள் செலுத்தி, முடிவுகளை வெளியிட்டது. துகள்கள் மூட்டிலேயே வாரக்கணக்கில் தங்கின. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்க நெடுநாள் ஆகும். குருத்தெலும்புத் தேய்மானத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

*

ஆகவே இப்போதைக்கு நம் கையில் இருப்பது இவ்வளவுதான். விழுந்து சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று ஒத்திப் போடாதீர்கள். கிருஷ்ணகிரியில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ, அருகில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.