யாருக்குப் பயிற்சி?

ஏழாம் வகுப்புப் பையன். ஆட்டிசம் உள்ளவன். சத்தம் அதிகமானால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் மூன்று பேர் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கேலால் பெஞ்சைத் தட்டுகிறார்கள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது மட்டும் தட்டுகிறார்கள். கடைசியில் அவன் அலறிக்கொண்டு எழுந்து ஒருத்தன் சட்டையைப் பிடிக்கிறான். ஆசிரியர் திரும்பிப் பார்ப்பது அந்த நொடியில்தான்.

மறுநாள் அம்மாவுக்கு அழைப்பு வருகிறது. "உங்க பையன் மத்த பசங்க மேல கை வைக்கிறான் மேடம். ஏதாவது தெரபி, டிரெய்னிங்னு பாருங்க."

இந்தப் பையனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் இதைப் படித்தால் தத்தம் பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள்.

அந்த மூன்று பேர் என்ன செய்தார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். ஒருவனுக்கு எது வலிக்கும் என்று பல நாள் கவனித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆசிரியரின் கழுத்து திரும்புகிற நேரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பழி யார் தலையில் விழும் என்பது வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இவர்களை நாம் 'நார்மல்' என்கிறோம். காதைப் பொத்திக்கொண்டவனை, மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிச் சமூகத் திறன் பயிற்சிக்கு அனுப்புகிறோம். அங்கே அவனுக்குச் சொல்லித்தருகிறார்கள்: கண்ணைப் பார்த்துப் பேசு, கோபம் வந்தால் பத்து வரை எண்ணு. அடுத்தவன் அழுவதைப் பார்த்துச் சிரிப்பவனுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வகுப்பும் கிடையாது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது, இரக்க உணர்வு குறைவு என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதின. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை மறுத்து ஒரு வாதம் வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை; அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்றார். சரிதான். ஆனால் கடைசி பெஞ்சில் நடப்பதைப் பார்த்தால், இது புரியாமைகூட இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நன்றாகப் புரிந்துகொண்டு செய்கிறார்கள்.

"பசங்கன்னா அப்படித்தான், விளையாட்டு" என்பார்கள். விளையாட்டில் அவுட் ஆவது மாறி மாறி வரும். எப்போதும் ஒருத்தனே அவுட் என்றால் அதற்கு வேறு பெயர். நார்வேயில் 1982இல் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் மூன்று சிறுவர்கள் உயிரை விட்டார்கள் என்ற செய்திக்குப் பிறகு, மறு ஆண்டே அந்த நாட்டு அரசு பள்ளிகளில் தேசிய அளவில் இயக்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற உளவியலாளர் டான் ஓல்வேயஸ், விளையாட்டுக்கும் வதைக்கும் கோடு போட்டுக் காட்டினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிக் கொடுக்க முடியாதவனிடம் செய்வது. ஸ்கேல் சத்தத்தில் மூன்றும் இருக்கின்றன.

வீட்டுக்கு வருவோம். மற்றப் பிள்ளை என்றால் ஓடிவந்து அழுது சொல்லிவிடும். இவனிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடா நடந்துச்சு?" என்றால் "நடந்துச்சு" என்று கடைசிச் சொல்லைத் திருப்பித் தருவான், இல்லையென்றால் மெட்ரோ ரயில் நிலையங்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பான். சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கும்கூட, நடந்ததை முன்பின்னாகக் கோத்துச் சொல்வது பெரும்பாடு. ஆகவே தாய் துப்புத் துலக்கத் தொடங்குகிறாள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. டிபன் பாக்ஸ் துடைத்ததுபோல் காலி, பிள்ளையோ பசியில் துடிக்கிறான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஒரு கெட்ட வார்த்தை; யாரோ சொல்ல, இவன் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். கால்சட்டை நனைந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போனவன் நாலு மணிவரை கழிப்பறைப் பக்கம் போகவில்லை, ஏனென்றால் ஆசிரியர் யாரும் வராத இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிற வயிற்றுவலி வெள்ளிக்கிழமை வருவதில்லை.

இந்தச் சாட்சியங்களை எந்தத் தலைமையாசிரியர் அறையில் வைப்பது? "யாரு பண்ணினாங்கன்னு பையன் சொல்றானா மேடம்?" என்று கேட்டுவிட்டால் வழக்கு முடிந்தது.

அம்மா வேலையை விடுகிறாள். யாரும் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவு இல்லை அது. முதலில் அரை நாள் விடுப்பு, பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு ராஜினாமா. சில தனியார் பள்ளிகள் வகுப்பில் பையன் பக்கத்திலேயே இருக்க ஒரு 'ஷேடோ டீச்சர்' போட்டுக்கொள்ளுங்கள் என்கின்றன, சம்பளம் பெற்றோர் கணக்கில். மூன்று பையன்களின் சேட்டைக்குக் காவல் கூலி, சேட்டைக்கு ஆளானவன் வீட்டிலிருந்து போகிறது. திருட்டுக் கொடுத்தவனிடமே போலீஸ்காரர் சம்பளத்தை வசூலிப்பதைப் போல.

தங்கை ஒருத்தி இருக்கிறாள். அதே பள்ளியில் நாலாம் வகுப்பு. அவளுக்கு அங்கே 'லூசோட தங்கச்சி' என்று பெயர். இடைவேளையில் அண்ணன் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிப் போகிறாள். இரவு அதை நினைத்துத் தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள். இவள் கதை எந்த மருத்துவக் கோப்பிலும் ஏறுவதில்லை.

பிறகு உறவினர்கள் வருவார்கள், யோசனைகளோடு. ராகு கேது பரிகாரம், குலதெய்வக் குத்தம், எந்த நட்சத்திரத்தில் கருத்தரித்தாய் என்ற விசாரணை. அதற்கும் மேலே ஒரு வாக்கியம் உண்டு. அடுப்படியில் மெதுவாக, ஆனால் தாயின் காதில் விழும்படி சொல்லப்படுவது. "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினாளோ."

2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில், மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வந்த ஒரு பேச்சாளர், உடல் குறையோடு பிறப்பதும் ஏழையாகப் பிறப்பதும் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்கிற பொருளில் ஒலிபெருக்கியில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். காணொளி பரவியது, பேச்சாளர் கைதானார். அதோடு பகுத்தறிவு வென்றுவிட்டதாக நாமும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம்.

அவர் புதிதாக என்ன சொல்லிவிட்டார்? நம் வீட்டு அடுப்படியில் தணிந்த குரலில் சொல்வதை மைக்கில் சொன்னார், அவ்வளவுதான். பட வேண்டியவன் படுகிறான் என்று நம்புகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, படுகிறவனை இன்னும் கொஞ்சம் படுத்திப் பார்ப்பதில் என்ன கூச்சம் வரும்? ஸ்கேல் தட்டுகிற மூன்று பேரும் கர்மவினைத் தத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனால் வலி என்பது யாரோ எங்கோ விதித்தது, அதை வேடிக்கை பார்க்கலாம் என்ற பாடத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டியிருக்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு, அது இன்னும் நைச்சியமானது. "இவங்கெல்லாம் தெய்வக் குழந்தைங்க." சாமிக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? பெஞ்ச் வேண்டாம், நண்பன் வேண்டாம், கணக்குப் பாடம் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பாவி என்றாலும் தெய்வம் என்றாலும், மனிதப் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும்.

பகுத்தறிவு பேசுகிறவன் தன் வீட்டுக் குப்பையையும் காட்ட வேண்டும். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவத்தில் ஓர் இடம் தேடித் தந்தார். ஆனால் அந்தப் பெற்றோர்களின் பாசத்தில் ஒரு குளிர்ச்சி தெரிகிறது என்றும் எழுதிவைத்தார். சிகாகோப் பேராசிரியர் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே போட்டு, தாயின் மனம்தான் காரணம் என்று ஊருக்கெல்லாம் பரப்பினார். நம் ஊர்ப் பாட்டி போன ஜென்மத்துக் கணக்கில் தாயைக் குற்றவாளி ஆக்கினாள்; அவர் இந்த ஜென்மத்துக் கணக்கிலேயே ஆக்கினார். எத்தனை தாய்மார் அந்தப் பழியோடு செத்தார்கள் என்று யார் எண்ணினார்கள்?

ஆனால் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தந்தை, 1964லேயே இந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று எடுத்துக் காட்டியிருந்தார். 1969இல் கானரே பெற்றோர் கூட்டத்தில் நின்று அவர்கள்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். தாய்மேல் பழி போட்ட கோட்பாடு ஆதாரத்தின் முன் தோற்றது. பரிகாரம் எழுதிக் கொடுத்த ஜோதிடர் எந்தத் தாயைக் கூப்பிட்டு "நான் சொன்னது தப்பும்மா" என்றார்? காசைத் திருப்பிக் கொடுத்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மூன்று பையன்களை ஜெயிலில் போடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், கற்றதைச் செய்கிறார்கள். எனக்கு அந்த வகுப்பின் மற்ற முப்பத்தைந்து பேர்மேல்தான் கண். டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. சீண்டல் நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். யாராவது குறுக்கே புகுந்தது 19 சதவீதத்தில்தான். அப்படிப் புகுந்தபோது பாதிக்கு மேல், அதாவது 57 சதவீதம், பத்தே நொடிக்குள் சீண்டல் நின்றது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற பள்ளித் திட்டம் இந்த வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையே குறிவைத்துப் பாடம் நடத்துகிறது. அடிபடுகிறவனுக்குப் பத்து வரை எண்ணச் சொல்லித்தருவதைவிட, பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு "விடுறா அவனை" என்ற இரண்டு சொல்லைச் சொல்லித்தருவது மலிவு.

அந்தச் சென்னைப் பள்ளியில் அன்று எழுந்து நின்றவர் ஓர் ஆசிரியர். அங்கே இருந்த மற்றவர்கள், கண் தெரிந்தவர்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள், மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வை என்கிறது அதன் 16ஆம் பிரிவு. பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது 92ஆம் பிரிவு. பள்ளிகள் இதையெல்லாம் மீறுவதே இல்லை. யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. "இங்க அவனுக்குச் சரியா வருமான்னு யோசிங்க மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று வாரம் ஒருமுறை சொல்கிறார்கள்.

ஒரு நாள் அம்மா பள்ளிக்கு வருகிறாள். அலுவலக அறையில் எழுத்தர் மாற்றுச் சான்றிதழைப் பூர்த்தி செய்கிறார். வெளியே பையன் காதைப் பொத்திக்கொண்டு தூணருகே நிற்கிறான். மணி அடிக்கப்போகிற நேரம் அவனுக்குத் தெரியும். பள்ளியைவிட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் எழுத்தரின் பேனா நிற்கவே இல்லை. பழகிய கை. 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதி, முத்திரை குத்தி, அவள் பக்கம் தள்ளுகிறார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."