உபசாரமா, இலஞ்சமா?

பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க விண்ணப்பித்திருக்கிறீர்கள். வீட்டைப் பார்வையிடச் சமூகப் பணியாளர் வருகிறார். காப்பி கொடுப்பது உபசாரமா, இலஞ்சமா என்று மனம் தடுமாறலாம்.

உபசாரம் வந்தவருடைய களைப்பைப் பார்க்கும். இலஞ்சமோ அவர் கையெழுத்தைப் பார்க்கும். வெயிலில் வந்த தபால்காரருக்கும் கொடுப்பீர்களா? அப்படியானால் அச்சமின்றிக் கொடுங்கள். அவருக்கென்றே பட்சணமும் பட்டுப்புடவையும் தேடினால், அது விலை பேசுதலே.

2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி அவர் எழுதும் இல்ல ஆய்வறிக்கை 3 ஆண்டுகள் செல்லும். நீங்கள் இன்னும் முகமறியாத ஒரு குழந்தைக்காக எழுதப்படும் சாட்சியம் அது. ஆகையால் அவர் 'வேண்டாம்' என்றால் வற்புறுத்தாதீர்கள். அது அவமதிப்பன்று, கடமை. தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொல்லுங்கள்: கடன் இருந்தால் கடன், நோய் இருந்தால் நோய். வரப்போகும் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் முதல் உபசாரம் அதுவே.