கூஜாவின் அடியில் இரண்டு எழுத்து

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளிக் காப்பிக் கூஜா ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சின்ன முத்திரை இருக்கும். பட்டறைக்காரரின் பெயர், அல்லது முதலெழுத்துகள். பாஸ்டனின் பால் ரிவியர் 'ரிவியர்' என்று பதித்தார். தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்து அலெக்சாண்டர் பெட்ரியின் முத்திரை 'ஏ பி'.

லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்த ஒரு சங்கம் இருந்தது. அமெரிக்கக் காலனிகளில் அதெல்லாம் கிடையாது. வாடிக்கையாளர் தன் ஸ்பானிய வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, உருக்கிக் கூஜாவாக்கித் தரச் சொல்வார். கலப்படம் இல்லை என்பதற்குப் பட்டறைக்காரரின் முத்திரை மட்டும்தான் ஜாமீன்.

சரி, அந்தக் கூஜாவைத் தட்டியது யார்? வெள்ளித் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி அடிக்க வேண்டும். ஒரு ஆள் வேலை இல்லை இது. 1768-ல் பெட்ரி இறந்த பிறகு, அவருடைய உடைமைகளில் ஒன்றாக ஆபிரகாம் என்ற அடிமை விற்கப்பட்டார். ஆபிரகாம் வெள்ளிவேலை தெரிந்தவர். வாங்கியவர் அதே ஊரின் இன்னொரு வெள்ளிக்கொல்லர், ஜொனதன் சரசின். 'ஏ பி' கூஜாக்களில் எதில் ஆபிரகாமின் சுத்தியல் பட்டது என்று வெள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உடனே 'உழைப்புத் திருட்டு' என்று சொல்லிவிடலாம். நான் பொறியாளர், கொஞ்சம் தயங்குகிறேன். நான் போடும் வரைபடத்தில் மூத்தவர்தான் கையெழுத்திடுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டடம் விரிசல் விட்டால் பதில் சொல்லப்போவது அவர். கையெழுத்து புகழுக்கு மட்டுமல்ல, பொறுப்புக்கும்தான். பெட்ரியின் முத்திரையும் அப்படித்தானே?

அப்படியில்லை. ரிவியரின் அப்பா அப்போலோஸ் ரிவ்வார், பிரான்ஸிலிருந்து சிறுவனாக வந்து ஜான் கோனி என்பவரிடம் வேலை பழகியவர். அந்த வருடங்களில் அவர் தட்டிய வெள்ளியில் அவர் பெயர் இருந்திருக்காது. ஆனால் பிறகு சொந்தப் பட்டறை, சொந்த முத்திரை, அந்தப் பட்டறையிலேயே தொழில் கற்ற மகன். அவருடைய பெயரில்லாத காலத்துக்கு ஒரு முடிவு இருந்தது. ஆபிரகாமுக்கு அப்படியொரு முடிவு வைக்கப்படவில்லை. அவர் தொழில் கற்கக் கற்க ஏறியது அவருடைய விலை. அந்தப் பணமும் அவருக்கில்லை.

அதனால், ஒரு பொருளில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று கேட்பது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். விடுபட்ட அந்த ஆள் என்றைக்காவது தன் பெயரைப் பதிக்க வழி இருந்ததா? அதைக் கேட்டால்தான் பழகுநரும் அடிமையும் வேறு வேறு என்று தெரியும்.

கூஜா அழகானதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த அழகில் ஆபிரகாமின் கையும் இருந்திருக்கலாமே.