யாரும் பார்க்காத ஓட்டம்

பாஸ்டன் மாரத்தான் ஏப்ரலில் நடக்கும். 42.195 கிலோமீட்டர். அதுக்கான பயிற்சி முழுக்க அந்த ஊர்ப் பனிக்காலத்துல. விடியாத இருட்டு, வழுக்குற ரோடு, இமையில உறையுற ஈரம். கைதட்ட யாரும் இருக்க மாட்டாங்க.

2020-ல கொரோனாவால ஓட்டம் ரத்து. 1897-ல தொடங்கினதுல இருந்து அதுதான் முதல் தடவை. அப்போ குளிர்ல ஓடினதெல்லாம் வீணா? ஆமான்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா ரத்தானது ஒரு நாள் மட்டும்தானே. ஜனவரியில அலாரம் அடிச்சதும் போர்வையை உதறிட்டு எழுந்தாங்களே, அதை யார் ரத்து பண்ண முடியும்?

பதக்கத்தோட போட்டோ போட்டவங்களுக்கு மட்டுமே நான் லைக் போட்டிருக்கேன். மாசக்கணக்கா ஓடிட்டு, முழங்கால் வலியால போட்டிக்கே போகாம நின்ன நண்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னிக்கு ராத்திரி அவனுக்கு போன் பண்ணணும்.