போர்வையை உதறுங்கள்!

இரவு 2 மணி. எங்கோ ஓர் இரும்புக் கேட் கிறீச்சிடுகிறது. தெருநாய் ஒன்று நாலு முறை குரைத்துவிட்டுச் சட்டென்று அடங்குகிறது. உங்களுக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பவரும் விழித்துக்கொண்டார் என்பது மூச்சிலேயே தெரிகிறது. இருவரும் பேசவில்லை. 'சத்தம் நம்ம வீட்டுல இல்ல' என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறீர்கள்.

விடிந்ததும் நாலாவது வீட்டு வாசலில் கூட்டம். பீரோ உடைந்து கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்காக மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை போய்விட்டது. அந்த அம்மா அழக்கூட முடியாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்களும் போய் நிற்கிறீர்கள். 'ராத்திரி ஏதோ சத்தம் கேட்டுச்சு' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அந்தப் போர்வைக்குள் நானும் கிடந்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வீடு திரும்பியிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என்னைத் தெருவுக்கு இழுத்து வந்தது அதுதான்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். திருட வருகிறவன் உங்களைவிடப் பலசாலியா? அவன் இருட்டில் வருகிறான். உங்களுக்கு அந்த இருட்டு பழகிய இருட்டு. எந்தச் சந்து எங்கே முடிகிறது, எந்த மதிலுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது என்பதெல்லாம் அவன் நாள்கணக்கில் நோட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. நீங்களோ கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள். அவன் ஒருவன் அல்லது இருவர். நீங்கள் 60 குடும்பம். அப்படியிருந்தும் துணிந்து வருகிறானே, எந்த முதலீட்டை நம்பி வருகிறான்? யாரும் வெளியே வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையை நம்பி! அந்த நம்பிக்கையை அவனுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வைத்திருப்பவர்கள் நாம். கொடுத்த நமக்குத் திரும்ப வாங்கவும் உரிமை உண்டு.

இந்த மண்ணுக்கு இரவுக் காவல் புதிதில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைப் பாருங்கள். இடுப்பில் நூலேணி சுற்றி, மண் தோண்டும் உளியோடு கள்வர்கள் பதுங்கி நிற்கிறார்கள். மழை கொட்டித் தெருவில் வெள்ளம் ஓடும் நேரத்திலும் சோர்வில்லாமல் எழுந்து சுற்றி வருகிறார்கள் ஊர்காப்பாளர்கள். சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது; ஊரைக் காப்பதற்கென்றே மக்கள் செலுத்திய வரி அது. விழித்திருப்பதன் விலையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? நேபாளத்திலிருந்து வந்த கூர்க்காவின் கையில் மாதம் சில பத்து ரூபாயைக் கொடுத்தோம். தன் பிள்ளைகளை எங்கோ மலையில் விட்டுவிட்டு, கையில் தடியும் வாயில் விசிலுமாக அந்த மனிதர் நம் தெருவில் விழித்து நடந்தார். அந்த விசில் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கினோம். இன்று பல தெருக்களில் அந்த விசிலும் இல்லை. கேமரா மாட்டியிருக்கிறோம் என்கிறீர்களா? மாட்டுங்கள், நல்லதுதான். சென்னையில் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருத் தெருவாகக் கேமரா பொருத்தச் சொன்ன பிறகு எத்தனையோ வழக்குகளில் துப்புக் கிடைத்தது. ஆனால் நடந்து முடிந்ததைக் காட்டத்தான் கேமராவுக்குத் தெரியும். 'யாருங்க அது, இந்த நேரத்துல யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?' என்று கேட்க மனிதக் குரல்தான் வேண்டும். அந்த ஒரு கேள்விதான் திருட்டை நடக்கும் முன்பே நிறுத்துகிறது.

எங்கள் நகரில் நாங்களே ரோந்து தொடங்கிய முதல் இரவு வருவதாகச் சொன்னவர்கள் 11 பேர். வந்தவர்கள் 3 பேர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், நான். என் கையில் டார்ச் நடுங்கியது. காய்ந்த இலை சரசரத்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கழித்துக் கண்டக்டர் ஐயா தன் பழைய விசிலை எடுத்து ஒரு முறை ஊதினார். மாடி வீடு ஒன்றில் விளக்கு எரிந்தது. ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி, 'யாருப்பா, நீங்களா?' என்றார். 'நாங்கதான் பாட்டி, தூங்குங்க' என்றோம். என் நடுக்கம் அந்த இடத்தில் நின்றது. பயம் போன பிறகு வெளியே வரலாம் என்று காத்திருந்த காலமெல்லாம் வீண் என்று அன்று உணர்ந்தேன். நடக்க நடக்கத்தான் அது போகிறது.

பிறகு பார்க்கக் கற்றுக்கொண்டோம். ஊருக்குப் போன வீடு எப்படித் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது தெரியுமா? கேட்டில் செருகிய விளம்பர நோட்டீஸ் மூன்று நாளாக அப்படியே இருக்கும். பேப்பர் குவிந்து கிடக்கும். வாசல் விளக்கு பட்டப்பகலிலும் எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் கோலம் இருக்காது. நோட்டம் பார்ப்பவன் படிக்கும் அதே எழுத்துகளை நாம் முதலில் படித்துவிட வேண்டும். பேப்பரை எடுத்து வையுங்கள். பூட்டிய வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு இழை கோலம் இழுத்தால் போதும், அது ஒரு காவல்காரர் நிற்பதற்குச் சமம். வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வரும் போலீஸ்காரர் அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பார். எரியாத தெருவிளக்கு இருக்கிறதா? சென்னையில் இருந்தால் மாநகராட்சியின் 1913க்கு அழையுங்கள். மாற்றும்வரை தினமும் அழையுங்கள்.

பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: விடியற்காலை யாருடையது? குனிந்து கோலம் போடும் கழுத்திலிருந்துதான் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக் பறக்கிறது. எங்கள் மகளிர் குழு அக்காக்கள் 4.30 முதல் 6 மணி வரையிலான நேரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எதிரெதிர் வீட்டார் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறார்கள். ஒருவர் குனிந்தால் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். நம்பர் பிளேட் இல்லாத பைக் இரண்டாவது முறை தெருவுக்குள் திரும்பினால் நாலு வாசலிலிருந்து விசில் கிளம்புகிறது. இதற்குப் பட்டம் வேண்டாம், பதவி வேண்டாம். முதுகெலும்பு ஒன்று போதும், அது உங்களிடம் இருக்கிறது!

தனித்து வாழும் முதியவர்களை முதலில் பட்டியலிடுங்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்தில் முதிய தம்பதி. கூப்பிடு தூரத்தில் ஆளில்லாத வீடுகள் அவை. உங்கள் தெருவில் பத்தடி தூரத்தில் ஆள் இருந்தும் தனியாகக் கிடக்கும் பெரியவர் யார்? இரவு 9 மணிக்கு ஒரு போன், 'சாப்பிட்டீங்களாய்யா?' என்று ஒரு கேள்வி. இதுவும் ரோந்துதான்.

இனி சொல்லப்போவது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியம். துணிவு வேறு, வெறி வேறு. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நாட்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழி கேட்க நிறுத்தியது. அந்தக் காரிலிருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் ஊரைக் காப்பதாகவே நம்பினார்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் பதறுகிறது. ஆகவே எங்கள் ரோந்தில் தடி கிடையாது, கயிறு கிடையாது. முகத்தையும் மொழியையும் உடையையும் வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது. வடமாநிலத் தொழிலாளி வேலை முடிந்து நள்ளிரவில் நடந்து போவார். அவருக்கும் சேர்த்துத்தான் நாம் விழித்திருக்கிறோம். மதில் ஏறுகிறானா, பூட்டை ஆட்டிப் பார்க்கிறானா என்று செய்கையைப் பாருங்கள். பார்த்தால் விசில், விளக்கு, 100 அல்லது 112. வண்டி எண்ணையும் போன திசையையும் நோட்டில் எழுதுங்கள். துரத்தாதீர்கள். கண்ணெதிரே கடும் குற்றம் செய்பவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடிக்க அது யாருக்கும் அனுமதி தரவில்லை.

காவல்துறையோடு கைகோப்பதிலும் அளவு வேண்டும். 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப், இரண்டே ஆண்டில், 1993இல், ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். சாவின் வாசல்வரை போய் வந்தவர் மக்களை நம்பித் தொடங்கிய முயற்சி அது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அந்த இயக்கத்தின் தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது; அதன் பிறகு அவர்களைக் காவல் பணியில் பயன்படுத்தத் தமிழக அரசு தடை விதித்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: தொண்டர் ஸ்டேஷனின் வால் ஆகக் கூடாது, தெருவின் கண்ணாக இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள், பீட் போலீஸ்காரரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு திரும்பி வந்துவிடுங்கள். விசாரணை நம் வேலையில்லை.

இன்று எங்கள் பட்டியலில் 34 பெயர். ஒருவருக்கு வாரத்தில் ஓர் இரவு, இரண்டு மணி நேரம். நெட்டில் எதையோ பார்த்தபடி விழித்திருக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

உங்கள் பெயர் எங்கே? காலில் வலி, காலையில் வேலை, வீட்டில் விட மாட்டார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நானும் இதையெல்லாம் சொன்னவன்தான். இன்று இரவு 10 மணிக்கு எழுந்து செருப்பைப் போடுங்கள். ஆண்டுக்கணக்கில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்து போகிறீர்களே, அந்த எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 'அண்ணே, டார்ச் இருக்கா? முனை வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வரலாமா?' என்று கேளுங்கள்.