இலஞ்சம் பெற்ற நா

கசப்பு இயற்கை விடுக்கும் எச்சரிக்கை. பிறந்து சில மணி நேரமேயான குழந்தையின் நாவில் இனிப்பு நீர் ஒரு துளி பட்டால் அது சப்புக்கொட்டும். கசப்பு நீர் பட்டால் முகஞ் சுளித்து வாயைக் கோணும். தாவர நஞ்சுகளிற் பல கசப்பானவை. ஆதலின் கசப்பை வெறுக்கும் நா உயிர்காக்கும் நாவாயிற்று. இனிப்பை அறிதற்குப் பெரும்பாலும் ஒருவகை வாங்கியே போதுமாயிருக்க, கசப்பை அறிதற்கு மனிதனிடம் ஏறத்தாழ 25 வகை வாங்கிகள் உள்ளன என்பதை 2000 ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்துணைக் காவலர்களையும் கடந்து, கசப்புக்காகவே ஒரு பானத்தை நாடி, அக்கசப்பு நல்லதா அல்லதா என வழக்காடும் நிலைக்கு மனிதன் எவ்வாறு வந்தான்? அவ்வழக்கில் உண்மைக்கும் பிழைக்கும் இடமுண்டா? மதுவகையொன்றை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதைச் சிலர் விரும்பாதிருக்கலாம். அவர்களது ஆட்சேபம் வலிமையானது. இக்கட்டுரையின் நடுப்பொருளும் அதுவே.

கருதப்படும் பானம் ‘இம்பீரியல் ஸ்ரவுட்’ எனப்படும் கரிய பியர். தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் என்னுமிடத்தில் இருந்த திறேல் குடும்பத்தாரின் பியர்த் தொழிற்சாலை இவ்வகைக்குப் பேர்பெற்றது. 1781 இல் அது பார்க்கிளே, பேர்க்கின்ஸ் என்போரின் கைக்கு மாறியது. விற்பனையை நடத்திவைத்தவர்களுள் அகராதி செய்த சாமுவேல் ஜோன்சனும் ஒருவர் என்பது சுவையான செய்தி. உருசியப் பேரரசிக்கெனத் தனியாகக் காய்ச்சப்பட்ட அத்தொழிற்சாலைப் பியரைப் பற்றி யோசப் பரிங்ரன் என்னும் ஓவியர் 1796 இல் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் இவ்வகை அருகிப்போயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் சனாதிபதி காட்டர் 1978 இல் ஒப்பமிட்ட பின்னர், அங்கு பெருகிய சிறு தொழிற்சாலைகள் இதனை மீளவும் கையிலெடுத்தன. வடகலிபோர்ணியக் கடற்கரையூரான போட் பிராக்கில் 1988 இல் தொடங்கிய நோத் கோஸ்ற் தொழிற்சாலையின் ‘ஓல்ட் றஸ்புட்டின்’ அவற்றுள் ஒன்று.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையுடன் கோப்பிக் கொட்டைபோற் கருக வறுத்த தானியத்தையுஞ் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹொப் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் இட்டுப் புளிக்கவைப்பது இதன் செய்முறை. கொதிக்கும்போது ஹொப் பூவிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. ஓர் இலீற்றரில் அத்தகைய அமிலம் ஒரு மில்லிகிராம் எனின், அது ஏறத்தாழ ஓர் அலகு கசப்பு. அமெரிக்காவில் வெகுசனம் அருந்தும் மென்னிறப் பியரில் 10 அலகளவே இருக்கும். ஓல்ட் றஸ்புட்டினில் 75. மதுசாரம் 9 வீதம்.

கலிபோர்ணியாவில் வாழும் நண்பரொருவர் தம் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரது சமையலறையில் இப்பானத்தை முதன்முதலாகச் சுவைத்தேன். விளக்கின்முன் பிடித்தும் ஒளி ஊடுருவாத கறுப்பு. நுரை பாற்கோப்பியின் நிறம். முதல் மிடற்றில் வறுத்த கோப்பியும் முற்றக் காய்ந்த பனங்கட்டிப் பாகும் தெரிந்தன. பின்னர் கசப்பு வந்தது. விழுங்கிய பின்னும் அது போகவில்லை. அடிநாவில் நெடுநேரம் நின்றது. தானியத்தை அளவுக்குமீறிக் கருக்கிவிட்டார்கள் என்றேன் நான். ஹொப் பூவே கூடிவிட்டது என்றார் அவர். இருவர் கையிலும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய பானமே இருந்தது.

அவர் மேலும் வாதிடாமல் இரண்டு தகரப் பேணிகளை எடுத்துவந்தார். ஒன்றிற் கருக வறுத்த வாற்கோதுமை. மற்றதில் உலர்ந்த ஹொப் பூ. இரண்டையும் தனித்தனியே மெல்லச் சொன்னார். தானியத்தின் கசப்பு சாம்பலைப்போல் வறண்டது. வாயிற் பட்டவுடன் தோன்றி விரைவில் அடங்கிவிடும். பூவின் கசப்போ பச்சையானது. கசக்கிய இலையும் தோடம்பழத் தோலும் கலந்த மணமுடையது. பிந்தி வந்து நெடுநேரம் நிற்பது. இவற்றை அறிந்தபின் கிண்ணத்தை மீண்டும் எடுத்தபோது, அடிநாவில் நின்றது பூவின் கசப்பே என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. ஒரே கசப்பு என நான் கொண்டது இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்வாயில் ஒரு சாம்பற் சுவை இருப்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

இங்கு நிகழ்ந்தது யாது? இமானுவேல் காண்ற் 1790 இல் வெளியிட்ட தம் நூலில் அழகியது வேறு, இனியது வேறு எனப் பிரிக்கிறார். அழகியது என்று கூறுவோன் பிறரும் தன்னோடு உடன்படல் வேண்டுமென எதிர்பார்க்கிறான். இனியது என்று கூறுவோனுக்கு அவ்வுரிமை இல்லை. கனேரித் தீவின் வைன் இனியது என ஒருவன் சொன்னால், ‘எனக்கு இனியது’ என்று அவனைத் திருத்தலாம்; அவனும் மனக்குறையின்றி அத்திருத்தத்தை ஏற்பான். இக்கருத்தின்படி நண்பரும் நானும் வெறும் விருப்பங்களையே பரிமாறிக்கொண்டோம். ஆனால் நான் பிழைவிட்டேன், அப்பிழை திருத்தப்பட்டது. விருப்பத்தில் மட்டும் ஒருவன் இவ்வாறு பிழைவிட இயலாது.

காண்றுக்கு முன்னரே, 1757 இல், சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய டேவிட் கியூம், டொன் கிஹோட்டே கதையிலிருந்து ஒரு செய்தியை எடுத்தாள்கிறார். வைன் நிறைந்த பீப்பாவொன்றைச் சோதிக்குமாறு சாஞ்சோவின் உறவினர் இருவரைக் கேட்கிறார்கள். ஒருவர், நன்று, ஆயினும் தோலின் சுவை சிறிது உண்டு என்கிறார். மற்றவர், நன்று, ஆயினும் இரும்பின் சுவை உண்டு என்கிறார். இருவரையும் கூடியிருந்தோர் நகைக்கின்றனர். பீப்பா வெறுமையானபோது அடியிற் கிடந்தது தோல்வார் கட்டிய ஒரு பழைய திறப்பு. நண்பரின் பேணிகள் இரண்டும் எமக்கு அத்திறப்பாக அமைந்தன.

ஆயினும் திறப்பு எதனை நிறுவுகிறது? தோலும் இரும்பும் உள்ளே இருந்தன என்பதனை மட்டுமே. வைன் நன்று என்பதை அது நிறுவவில்லை. அதைப்போலவே, 75 அலகு என்னும் எண் கசப்பு எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, அக்கசப்பு அவ்விடத்திற்கு ஏற்றதா என்பதைச் சொல்லாது. நன்று என்று தீர்ப்பளிக்க ஒரு நீதிபதி வேண்டும். அந்நீதிபதி பயிற்சியும் ஒப்புநோக்கும் உடையவனாய், பக்கச்சார்பற்றவனாய் இருத்தல் வேண்டுமென்பார் கியூம். இடர்ப்பாடு இங்குதான் தோன்றுகிறது. இப்பானத்தைப் பொறுத்தவரை நீதிபதி இலஞ்சம் பெற்றவன்.

உளவியலாளர் நெடுங்காலமாக அறிந்த ஓர் உண்மை உண்டு. ஒரு சுவையைத் தொடர்ந்து உடலுக்கு நன்மையோ கிளர்ச்சியோ கிடைக்குமாயின், காலப்போக்கில் அச்சுவையே விருப்பத்துக்குரியதாகிவிடும். மதுசாரம் கிளர்ச்சி தருவது. கோப்பியிலுள்ள கபீனும் அத்தகையது. முதன்முறை கோப்பியை இனிதென்றோர் எத்தனைபேர்? ஆகவே கரும்பியரின் கசப்பைப் புகழ்பவனை நோக்கி, ‘நின் நா எதனையும் கற்கவில்லை; அதற்குக் கூலி கொடுக்கப்பட்டுள்ளது, கூலி கொடுத்தவனை அது புகழ்கிறது’ என்று ஒருவர் கூறலாம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. கள்ளுண்ணாமையை விலக்காகப் போதிக்கும் எவரும் சொல்லாத அளவுக்கு இது ஆழமான குற்றச்சாட்டு. ஏனெனில் மது தீதென்பதோடு அமையாமல், மதுவைப் பற்றி மதுவுண்போன் கூறும் சான்றே செல்லாது என்கிறது.

இதற்கு விடையாகப் பாகற்காயைச் சுட்டலாம். வேப்பம்பூ வடகத்தையும் சுட்டலாம். இவற்றில் மயக்கமில்லை, ஆயினும் சிறுவயதில் வெறுத்தவற்றையே வளர்ந்தபின் தேடி உண்கிறோம். ஆகவே கூலியின்றியும் நா கசப்பைக் கற்கும் எனலாமா? நான் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஊன்றி நோக்குமிடத்து அங்கும் கூலி இருந்தது. பாகற்காய்க் கறியை முகஞ்சுளிக்காமல் உண்ட நாளில் வீட்டார் என்னைப் பெரியவனாகக் கருதினர். பரிமாறிய அம்மம்மாவின் முகம் மலர்ந்தது. அன்பும் மதிப்பும் மதுசாரத்திலும் வலிய கூலிகள். கற்றறிந்த சுவை எதுவாயினும் அதன் தொடக்கத்தில் ஏதோவொரு கைம்மாறு இருந்தே தீரும்போலும். பரிசுக்காகச் செய்யுளை மனனஞ்செய்த மாணவன் பின்னர் அச்செய்யுளில் உண்மையாகவே தோய்வதில்லையா? விருப்பம் எதனாற் பிறந்தது என்பது ஒன்று. இன்று அது எதன்மேல் நிற்கிறது என்பது பிறிதொன்று.

ஆயின், இன்று எதன்மேல் நிற்கிறது என்பதைக் கண்டறிவது எங்ஙனம்? மதுசாரத்தை நீக்கிவிட்டுக் கொடுத்துப் பார்க்கலாமே என்பர். செம்மையான சோதனைபோற் தோன்றினும் இது கைகூடாது. மதுசாரம் கூலி மட்டுமன்று, பானத்தின் ஓர் உறுப்புமாகும். அதன் சூடும், அது தரும் கனமும், மணங்களை மேலெழச் செய்யும் ஆற்றலும் போனால் எஞ்சுவது வேறொரு பானம். அதனை ஒருவன் விரும்பாவிடின் எதுவும் நிறுவப்படவில்லை. இதனினும் பயனுள்ள சோதனை, அவன் பிரித்தறிகிறானா என்பது. கூலிக்காகப் புகழ்பவன் 9 வீத மதுசாரமுடைய எல்லாவற்றையும் ஒருபடித்தாகப் புகழ்வான். ஒன்றில் கருகலை மிகை என்றும், ஒன்றில் இனிப்பு பூவின் கசப்பைத் தாங்கவில்லை என்றும், சம கூலி தந்த இரண்டினுள் ஒன்றைத் தள்ளியும் பேசுபவன், கூலி தவிர்ந்த ஏதோவொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஈண்டு வேறொரு கூலியையும் குறிப்பிடல் தகும். ஒரே வைனை உயர்ந்த விலை சொல்லிக் கொடுத்தபோது அருந்தியோர் அதனை மேலும் இனிதெனக் கண்டனர் என்பதை, கலிபோர்ணியாவில் நிகழ்ந்து 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமக்கு இது புதிதன்று. நுவரெலியாவிற் பிறந்த லயன் ஸ்ரவுட் ஆண்டுக்கணக்காக இங்கே கிடைத்துவந்தது. மைக்கல் ஜக்சன் (1942–2007) என்னும் ஆங்கிலப் பியர் எழுத்தாளர் புகழ்ந்த பின்னரே அது சுவைத்தற்குரிய பொருள் எனப் பலருக்குத் தோன்றியது. யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளில், இந்த மரத்துக் கள், அந்த மரத்துக் கள் எனப் பிரித்தறியும் நாக்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அந்நாவுடையோரை நாம் ஒருபோதும் சுவைஞர் என்றதில்லை. குடிகாரர் என்றோம், மரமேறியோரைச் சாதிப்பெயரால் அழைத்து முற்றத்துக்கு வெளியே நிறுத்தினோம். போத்தலில் அயல்மொழிப் பெயர் ஒட்டியிருந்தால் குடிப்பவன் இரசிகனாகிவிடுகிறான். மதுசாரம் கொடுக்கும் இலஞ்சத்தை ஒப்புக்கொள்ளும் நானும் இந்த இரண்டாவது இலஞ்சத்தைப் பெற்றவனே.

மீண்டும் முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். வைனைச் சோதிப்போர் சுவைத்தபின் உமிழ்ந்துவிடுவர். பியரைச் சோதிப்போர் பொதுவாக உமிழ்வதில்லை. ஹொப்பின் இறுதிக் கசப்பு விழுங்கும்போதே முழுமையாகத் தெரியும் என்பது அவர்கள் கொள்கை. அதாவது, இவ்வழக்கைக் கேட்க வேண்டுமாயின் நீதிபதி இலஞ்சத்தை வாங்கியே ஆகவேண்டும். 355 மில்லிலீற்றர் போத்தலொன்றில் 9 வீதமெனின் தூய மதுசாரம் ஏறத்தாழ 32 மில்லிலீற்றர், அல்லது 25 கிராம். சாதாரணப் பியரில் அது ஏறத்தாழ இரு போத்தல்களுக்குச் சமன். மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே சேர்த்துவிட்டது. உடலுக்கு வரும் இக்கேடு ஒருபுறமிருக்க, சுவைப்போனுக்கெனத் தனியாக ஒரு கேடு உண்டு. தீர்ப்பளிக்கும் ஆற்றல் குறையக் குறைய, நன்றாகத் தீர்ப்பளிக்கிறேன் என்னும் உறுதி கூடுகிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர், உண்டு களித்தவனை அவன் தெளிந்திருக்கும் வேளையில், களித்த பிறனொருவனைக் காணச் செய்கிறார். தன்னைத் தானே அந்நிலையிற் காண இயலாதவனுக்குப் பிறனே கண்ணாடி. சுவைஞனுக்கு அத்தகைய கண்ணாடி அவனது குறிப்புத் தாள்.

அன்றிரவு நான் எழுதிய தாள் இன்னும் என்னிடம் உள்ளது. முதல் வரிகள் நெருக்கமாக, சிறிய எழுத்தில் உள்ளன: முன்வாயிற் சாம்பல், இனிப்பு நடுவில் மட்டும், பூவின் கசப்பு சற்று மிகை, ஆயினும் பாகின் கனம் அதனைத் தாங்குகிறது, சூடு தொண்டையில் உறுத்துகிறது. தாளின் பாதிக்குக் கீழே எழுத்து பெரிதாகிறது. குற்றங்கள் குறைகின்றன. நண்பர் இரண்டாவது போத்தலைத் திறக்க எழுந்தபோது எழுதிய கடைசி வரி, இதற்கு ஈடான பானம் உலகில் இல்லை என்பது. அவ்வரியை நான் சான்றாகக் கொள்வதில்லை. அதற்கு மேலுள்ளவற்றுள் எந்த வரிவரை கொள்ளலாம் என்று பென்சிலால் ஒரு கோடு இடப் பலமுறை முயன்றிருக்கிறேன். தாளில் அழித்த கோடுகள் நான்கைந்து உள்ளன.