நாணய மாற்றும் நாணயமும்

2024-ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்தில், மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஓர் ஆயத்த ஆடைக் கடையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பெருநாள் வியாபாரம் மும்முரமாக நடக்கும் நாட்கள். ஓய்வற்ற அந்த வேளையிலும் ஒருவர் தம் ஆசிரியருக்கு எழுதுகிறார் என்றால், நெஞ்சில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கேள்வி இதுதான்:

"ஹஜ்ரத், எங்கள் கடையில் விலைச்சீட்டு ரிங்கிட்டில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்களில் சிலர் கையில் ரிங்கிட் இல்லாமல் தங்கள் ஊர் வெள்ளியையே நீட்டுகிறார்கள். நாணய மாற்றுக் கடையில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் கிடைக்கிறது. எங்கள் முதலாளியோ மூன்று என்றே கணக்கிடச் சொல்கிறார். கணக்கைப் போடுவது என் விரல். பணத்தை வாங்குவது என் கை. என் சம்பளம் ஹலாலா?"

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 105 ரிங்கிட் என்று சீட்டு ஒட்டிய ஆடை. அன்றைய விகிதப்படி அதற்கு 30 வெள்ளி. கடையின் விகிதப்படி 35 வெள்ளி. ஐந்து வெள்ளி அதிகம். அதாவது ஆறில் ஒரு பங்கு. வாங்குகிறவர் அதை அறிவதில்லை. அறிந்தாலும், பெருநாள் நெரிசலில், கைக்குழந்தை அழுகையில், ஐந்து வெள்ளிக்காக நாணய மாற்றுக் கடை தேடிப் போகும் மனநிலையில் அவர் இல்லை.

இது சிறிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால், ஒரு காலத்தில் இக்கேள்வி எழவே இடமில்லாதிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1967-இல் மலேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய மூன்று நாடுகளும் தத்தம் நாணயத்தைத் தனித்தனியே வெளியிட்டபோது, ஒன்றுக்கு ஒன்று என்னும் சமமதிப்பில் மாற்றிக்கொள்ளவும் உடன்பாடு செய்துகொண்டன. அந்நாளில் பாலத்தின் இக்கரையில் ஒரு வெள்ளி என்றால் அக்கரையிலும் ஒரு வெள்ளிதான். 1973 மே மாதம் மலேசியா அவ்வுடன்பாட்டிலிருந்து விலகிற்று. புரூணைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மட்டும் அந்தச் சமநிலை இன்றும் நீடிக்கிறது. மலேசிய நாணயமும் சிங்கப்பூர் நாணயமும் பிரிந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வந்து நின்றது. அந்த எண்ணை யார் சொல்வது, யார் நம்புவது என்பதே நம் கேள்வி.

எல்லையின் இருபுறமும் ஒரே ஆடை இரு விலைக்கு விற்கும் வழக்கு உலகில் வேறிடத்திலும் பெரிதாக எழுந்ததுண்டு. 2007 செப்டம்பரில் கனடாவின் டாலர், 1976-க்குப் பின் முதன்முறையாக, அமெரிக்க டாலருக்குச் சமமாயிற்று. நூல்களிலும் ஆடைகளிலும் இரு நாட்டு விலையும் ஒரே சீட்டில் அச்சாகியிருந்தன. இரண்டு டாலரும் ஒரே மதிப்பாக இருக்க, கனடா விலை மட்டும் மிகுதியாக நின்றதைக் கண்டு மக்கள் கொதித்தனர். நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹெர்ட்டி சில்லறை வணிகர்களை அழைத்து, விலையைக் குறைக்குமாறு வற்புறுத்தினார். 2013-இல் அந்நாட்டுச் செனட் சபைக் குழுவொன்று இதனை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் குழந்தை ஆடைகளின் இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அந்தச் சலுகை வாங்குபவரைச் சென்றடைகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

வணிகர் தரப்பிலும் நியாயம் உண்டு. கடை வாடகை, கூலி, சுங்கம், சிறிய சந்தையின் கூடுதல் செலவு, ஆறு மாதத்துக்கு முன் பழைய விகிதத்தில் கொள்முதல் செய்த சரக்கு ஆகியவை பொய்க் காரணங்கள் அல்ல. இரு நாட்டில் இரு விலை என்பதனாலேயே ஒருவரை மோசக்காரர் என்றுவிட மார்க்கம் இடந்தரவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைத் தாங்களே நிர்ணயிக்க வேண்டும் என்று மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். பெருமானார் அதற்கு இசையவில்லை. விலையின் ஏற்ற இறக்கம் இறைவன் கையில் உள்ளது என்றும், எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் கருத்துப்படக் கூறினார்கள். ஆகவே, தன் சரக்குக்கு விலை சொல்வது வணிகனின் உரிமை. நூற்றைந்துக்குப் பதில் நூற்றிருபது என்று அவன் சீட்டு ஒட்டியிருந்தால் நமக்கு வழக்கில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? விலை சொல்வது வேறு. விகிதம் சொல்வது வேறு. விலை என்பது அவனுடைய விருப்பம். "உம்முடைய ஒரு வெள்ளி என்னுடைய மூன்று ரிங்கிட்டுக்குச் சமம்" என்பதோ உலகில் உள்ள ஒன்றைப் பற்றிய செய்தி. விருப்பத்தில் பொய்யில்லை, செய்தியில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு.

இந்த வேறுபாட்டை நமக்குத் தெளிவாக்கும் நிகழ்ச்சி ஒன்று நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃ என்னுமிடத்தில் ஒட்டகம் விற்பவர்கள். தீனாரில் விலை பேசி விற்று, திர்ஹமாக வாங்கிக்கொள்வார்கள். சில வேளை திர்ஹமில் பேசித் தீனாராக வாங்குவார்கள். தீனார் பொன், திர்ஹம் வெள்ளி. இது கூடுமா என்று அவர்கள் கேட்டபோது, அன்றைய விகிதப்படி வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை என்றும், இருவருக்கும் இடையே பாக்கி எதுவும் நிற்காத நிலையில் பிரிய வேண்டும் என்றும் பெருமானார் விடை அளித்தார்கள். விலையை நிர்ணயிக்க மறுத்த அதே திருநபி, விகிதத்தை மட்டும் "அன்றைய நாளின் விகிதம்" என்று கட்டி வைத்ததைக் கவனியுங்கள்! ஒட்டகம் எத்தனை தீனார் என்பது விற்பவரின் பேச்சு. தீனாருக்கு எத்தனை திர்ஹம் என்பது சந்தையின் பேச்சு. ஜோகூர் பாருவின் ஆடைக்கும் பகீஃயின் ஒட்டகத்துக்கும் இதில் பேதமில்லை.

நாணய விகிதம் என்பது ஒரு தராசு. அரிசியை நிறுக்கும் தராசு கண்ணுக்குத் தெரிகிறது. பணத்தை நிறுக்கும் தராசு தெரிவதில்லை. திருமறையின் 83-ஆம் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிப் பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவரைக் கண்டிக்கிறது. தவறான படியை வைத்திருப்பவன் மட்டுமல்ல, இருவகைப் படி வைத்திருப்பவனே அங்கு முதலில் குற்றவாளி. நம் மாணவரின் முதலாளி மூன்று என்று எழுதிய காலத்தில் வெள்ளி மூன்று ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. அன்று அது நியாயமே. பின்னர் வெள்ளி ஏறிற்று. அவருடைய எண் ஏறவில்லை. இங்கே ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: வெள்ளி மூன்றிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருந்தால், அவர் எத்தனை நாள் பொறுத்திருப்பார்? மறுநாள் காலையிலேயே எண்ணை மாற்றியிருப்பார் அல்லவா? தனக்கு நஷ்டம் வரும்போது ஓடுகிற எண், பிறருக்கு நஷ்டம் வரும்போது உறங்குகிறது. இருவகைப் படி என்று திருமறை கண்டிப்பது இதைத்தான். நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும்போது, கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதவர்கள் என்றுதானே பாராட்டுகிறது!

"வாங்குகிறவர் மனமொப்பித்தானே கொடுத்தார்?" என்று கேட்கலாம். மனமொப்புதல் வணிகத்தின் உயிர், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அறியாதவனின் ஒப்புதல் எத்தகையது? வெளியூர்ச் சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன்பே ஊருக்கு வெளியில் எதிர்கொண்டு பேரம் முடிப்பதை அண்ணலார் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விவரம் அறிந்தபின் பேரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை தந்தார்கள். அங்கும் ஒப்புதல் இருந்தது, அறிவு இல்லை. 1869 முதல் 1876 வரை உதுமானியர் தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பு, சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு நஷ்டத்தையே மிகை நஷ்டம் என்று வரையறுக்கிறது. அந்த நஷ்டத்தோடு ஏமாற்றும் சேர்ந்தால் பேரத்தை முறிக்கலாம். ஏமாற்று இல்லையெனில் முறிக்க முடியாது என்பது அதன் பொதுவிதி. நம் கணக்கில் வந்ததோ ஆறில் ஒரு பங்கு. ஆகவே, ஏமாற்று இருந்ததா என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். "105 ரிங்கிட், வெள்ளியாகக் கொடுத்தால் 35" என்று ஆடையின் மீதே எழுதி, வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பேரத்தை முடித்தால், அது சட்டப்படி கூடும். அங்கே வெள்ளி விலையும் ஒரு விலையே. மாற்று விகிதம் என்ற செய்தி எதுவும் சொல்லப்படவில்லை. 105-க்குப் பேரம் முடிந்தபின், பணப்பெட்டி அருகே வந்து நிற்பவரிடம் சந்தையில் இல்லாத விகிதத்தைச் சந்தை விகிதம் போலச் சொல்லி வாங்குவதே கூடாதது. அந்த வகையில், இரு விலையையும் ஒரே சீட்டில் அச்சிட்ட கனடாக் கடைக்காரர் மக்களிடம் ஏச்சு வாங்கினார் என்றாலும், ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டியவரைவிட அவர் மேலானவரே.

வெளிநாட்டுக் கடையைப் பேசிவிட்டு நம் ஊரைப் பேசாதிருப்பது முறையன்று. விருதுநகர் பழைய வணிக நகரம். பருப்பு, எண்ணெய், வற்றல் ஆகியவற்றின் விருதுநகர்ச் சந்தை நிலவரத்தைப் பத்திரிகைகள் அச்சிட்டு வந்திருக்கின்றன. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் சிறு கடைக்காரனும் அதைப் பார்த்தே பேரம் பேசினான். அன்றைய விலையை எல்லாரும் அறியச் செய்வதைவிட வணிகத்துக்குச் சிறந்த காவல் ஏது? ஆனால் அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள சிவகாசிப் பகுதியில் பட்டாசுப் பெட்டிகளைப் பாருங்கள். பெட்டியின் மேல் ஒரு விலை அச்சாகியிருக்கிறது. கடை வாசலிலோ எண்பது விழுக்காடு தள்ளுபடி என்று பலகை தொங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு விற்றும் லாபம் கிடைக்குமானால், அச்சிட்ட அந்த எண் யாருக்காக? எங்கள் பக்கத்தார் அதை நம்புவதில்லை, எனவே ஏமாறுவதுமில்லை. வழக்கம் அறியாமல் தொலைவிலிருந்து வருகிறவரோ, அச்சிட்ட விலையில் பாதி கொடுத்துவிட்டுப் பாதி மிச்சம் என்று மகிழ்ந்து போகிறார். அவரும் எல்லை கடந்து வந்தவர்தாம். அந்த எல்லை பூமியில் இல்லை, அறிவுக்கும் அறியாமைக்கும் நடுவில் இருக்கிறது. ஆடைக்கும் பட்டாசுக்கும் மருந்துக்கும் அழகழகாகச் சீட்டு அச்சிட்டுத் தரும் ஊர் சிவகாசி. அச்சு எண்ணைத்தான் தரும். மெய்யை மனிதன்தான் தர வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஒரு துணிக்கடைச் சம்பவத்தைச் சொல்கிறார்கள். யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் கடையில் நானூறு திர்ஹம் ஆடைகளும் இருநூறு திர்ஹம் ஆடைகளும் இருந்தன. அவர்கள் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, கடையில் இருந்த சகோதரர் மகன், நானூறில் ஆடை கேட்டு வந்த ஒரு கிராமத்து அரபிக்கு இருநூறு திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவரும் விரும்பி நானூறு கொடுத்து வாங்கிச் சென்றார். வழியில் யூனுஸ் அவரைக் கண்டு, ஆடையை அடையாளம் அறிந்து, இது இருநூறுதான் பெறும், திரும்பி வாரும் என்றார்கள். எங்கள் நாட்டில் இது ஐந்நூறு பெறும், எனக்குத் திருப்தியே என்றார் அந்த அரபி. யூனுஸ் விடவில்லை, அழைத்து வந்து இருநூறைத் திருப்பித் தந்தார்கள். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று மகன் வாதாடியபோது, உனக்கு விரும்புவதை ஏன் அவருக்கு விரும்பவில்லை என்று கடிந்தார்கள். பிறர் பொருளையும் தமது போலப் பேணுவதே வணிகருக்கு வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் இதுவே அன்றோ?

எல்லைக்கு அப்பால் ஐந்நூறு பெறும் என்பது யூனுஸ் அவர்களுக்குக் கிடைத்த எத்துணை வசதியான காரணம்! அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த நீதிமன்றமும் அவர்களைக் குறை கூறியிராது. சட்டம் முடிகிற இடத்தில் இஹ்ஸான் தொடங்குகிறது.

மாணவருக்கு நான் எழுதிய விடை சுருக்கமானது. முதலாளியின் ஒரு பிழையால் உம் உழைப்பின் கூலி முழுதும் ஹராமாகிவிடாது. ஆனால் விகிதம் கேட்பவரிடம் மறைக்காதீர். நாணய மாற்றுக் கடை இருக்கும் திசையைக் காட்டுவதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை. தனிமையில், மரியாதையோடு, அவரிடம் எடுத்துச் சொல்லும். அன்றைய விகிதத்தைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லும்.

பெருநாள் கழித்துப் பதில் வந்தது. முதலாளி விகிதத்தை மாற்றவில்லை. பலகைக்கு மட்டும் இசைந்தார். 'இங்கே ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்' என்று எழுதி வாசலில் வைத்திருக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டுச் சிலர் நாணய மாற்றுக் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள், சிலர் வருவதில்லை. "ஹஜ்ரத், இது போதுமா?" என்று கேட்டிருந்தார். சட்டத்துக்குப் போதும் என்று எழுதினேன். யூனுஸ் இப்னு உபைத் அவர்களுக்குப் போதுமா என்பதை உம் முதலாளி ஒருநாள் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள துஆச் செய்யும் என்றும் எழுதினேன்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனார்கள் நம் முன்னோர். முன்னதன் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். பின்னதை அப்படி மாறவிடாமல் காப்பது நம் பொறுப்பு.